மிஞ்சிய எண்

அந்த மலையில் பிள்ளை பிறந்தால் பெயரோடு ஓர் எண்ணையும் கொடுத்துவிடுவார்கள். ஆள் செத்தால் அந்த எண்ணுக்கான சொல்லையும் சேர்த்துப் புதைத்துவிடுவார்கள். அப்புறம் யாரும் அதை வாயில் எடுக்கக் கூடாது. காய்ச்சல் வந்த வருஷம் பத்துக்கு மேலே எல்லாமே மண்ணுக்குள் போய்விட்டது; கீழே இருந்ததும் பிறகு ஒவ்வொன்றாய்ப் போனது.

பள்ளிக்கூடத்துக்கு இருமொழிக் கணக்குப் புத்தகம் போட வந்த குமரவேள் வாத்தியார், நஞ்சியின் குடிசை வாசலில் குந்திப் பேனாவைத் திறந்தார். உள்ளே அவள் புருஷன் மசணன் இருமிக்கொண்டு கிடந்தான்.

“ரெண்டுக்கு உங்க பேச்சுல என்னம்மா?”

“குழிக்குள்ள கிடக்கு.”

“மூணு?”

“அது பக்கத்துக் குழி.”

“அப்ப ஆட்டை எப்படித்தான் எண்ணுவீங்க?”

“எண்ண மாட்டோம் வாத்தியாரே, மூஞ்சியைப் பாப்போம். உங்க ஊர் ஆட்டுக்கெல்லாம் மூஞ்சி கிடையாதோ?”

வாத்தியார் சிரிக்கவில்லை. மிச்சம் என்னதான் இருக்கிறது என்று கேட்டார்.

“நாலு இருக்கு, அது நான். ஒண்ணு இருக்கு, அது உள்ள இருமுது.”

“சரி, அந்த ஒண்ணையாவது சொல்லுங்க.”

நஞ்சி வாயைத் திறந்தாள். உள்ளே இருமல் நின்றிருந்தது. அவள் குடிசைப் பக்கம் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. கணீரென்று சொன்னாள்.

“போதும்மா, எழுதிட்டேன்” என்றார் வாத்தியார். அவள் மறுபடி சொன்னாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகி, சரிவில் இறங்கி மறைந்த பிறகும், எதிர்மலையைப் பார்த்தபடி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.