மறுபடியும் முழு மாத்திரை

"பழைய குருடி கதவைத் திறடின்னு வந்து நிக்கறீங்களே, ஸ்லாவ்கோ. உங்களை என்னதான் செய்யறது?"

போன் செயலியில் அவர் கணக்கைப் பார்த்துவிட்டு வீடியோவில் அழைத்த நர்ஸ் நெவென்காவுக்கு எரிச்சல் அடங்கவில்லை. போர் முடிந்து இத்தனை வருடமாகியும் தூக்க மாத்திரையை விட முடியாத முன்னாள் வீரர்களுக்காக ஆஸ்பத்திரி கொடுத்த செயலி அது. தினமும் எவ்வளவு விழுங்கினோம் என்று போனில் அழுத்த வேண்டும். அது சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

ஸ்லாவ்கோ ஈஸ்டருக்குள் அறவே விட்டுவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் முழு மாத்திரை. இப்போதுதான் முக்காலுக்கு இறங்கியிருக்கிறார்.

"ஏன் திரும்ப ஆரம்பிச்சீங்க?"

வீடியோவில் ஸ்லாவ்கோ மீசையைத் தடவினார். "என்னத்தைச் சொல்ல, சிஸ்டர்."

அவர் மனைவி ரூஷா போனைப் பிடுங்கினாள். "நல்லா கேளுங்க சிஸ்டர். போர்ல டாங்கியையே நிறுத்தினேன்னு ஊரெல்லாம் பீத்திக்குவார். ஒரு மாத்திரையை நிறுத்தத் துப்பில்லை. எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கறார் பாருங்க."

பாவம் இந்தப் பெண், எப்படித்தான் காலம் தள்ளுகிறாளோ என்று நெவென்கா நினைத்தாள்.

"ஐயோ, அடுப்புல குடைமிளகாய் கருகுது." ரூஷா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

ஸ்லாவ்கோ தொத்திறைச்சி தொங்கும் புகைக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"இப்படியே போனா டாக்டர் இந்தத் திட்டத்திலிருந்து உங்க பேரை எடுத்துடுவார்," என்றாள் நெவென்கா.

"வேணாம் சிஸ்டர். எடுத்தா மாத்திரை வராது."

"மாத்திரைக்காகத்தான் இந்த நாடகமா?"

"ஈஸ்டருக்கு அப்புறம் நான் அதைத் தொடவே இல்லை." அவர் குரல் இறங்கியது. "நீங்க மாத்திரை அனுப்பறதை நிறுத்தினதும் ரூஷாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது. பொட்டுத் தூக்கமில்லை. அப்பதான் புரிஞ்சுது, என் டப்பாவிலிருந்து வருஷக்கணக்கா அவளும் எடுத்து முழுங்கிட்டிருந்திருக்கா. நான் அலறி எழுந்த ராத்திரியெல்லாம் அவளும்தானே முழிச்சுக் கிடந்தா."

நெவென்கா செயலியில் முழு, முக்கால் என்று இறங்கும் கணக்கை மறுபடி பார்த்தாள்.

"அதான் திரும்ப ஆரம்பிச்சேன்னு பொய்யா அழுத்தினேன். ஆப் சொல்ற அளவுக்கு நறுக்கி, நான் முழுங்கின மிச்சம் மாதிரி டப்பாவுல வைக்கறேன். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சு அவ எடுத்துக்கறா. இப்ப குறையறது அவளோடது, சிஸ்டர். எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க, கூனிக்குறுகிப் போயிடுவா. என்னைத் திட்டிக்கிட்டே நிம்மதியா விட்டுடட்டும்."