ஒரு சிறுமி, மூன்று பதிவேடுகள்

பிள்ளை இல்லாத ஊரில் பள்ளியை மூடிவிடுவார்கள். பள்ளி போனால் பஸ் வராது, நர்ஸும் வர மாட்டார். எங்கள் பக்கத்து மூன்று ஊர்களிலும் கடைசியாகத் தொட்டில் கட்டி ஏழு வருஷம் ஆகிறது. அந்தத் தொட்டிலில் கிடந்த சிறுமி ஒருத்திதான் மிச்சம்.

ஒரு பிள்ளையை ஒரு பள்ளியில்தான் சேர்க்கலாம் என்பது சட்டம். அதனால் தலைமையாசிரியர்கள் மூவரும் கூடிப் பேசி, அவளை மூன்று பெயர்களில் சேர்த்துக்கொண்டோம். காலையில் மேலப்பட்டியில் அவள் தேன்மொழி. மதியம் என் பள்ளியில் செவ்வந்தி. சாயங்காலம் கீழக்குளத்தில் பூங்கோதை. நூறு சதவீதத் தேர்ச்சி என்று மூன்று பள்ளிகளுக்கும் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. என்னுடையதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

நேற்று என் பள்ளியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவள், ஈரத்தில் வழுக்கித் தொட்டி விளிம்பில் தலை மோதி விழுந்தாள். நர்ஸ் ஓடி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். கண் திறந்தாள். நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தெரிந்த பெயரையே நர்ஸ் கேட்டார்.

"உன் பேரு என்ன கண்ணு? சொல்லு பாப்போம்."

அவள் நர்ஸைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இப்ப மணி என்ன டீச்சர்?"

நர்ஸுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, பேரே மறந்துபோச்சே! தலையில பலமா அடிபட்டிருக்கு டீச்சர், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

அவள் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.