ஐந்து மணிச் சிவப்பு

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடணும். இந்த ஃபேன் மூணும் தினம் சரியா அஞ்சு மணிக்கு ஏன் சிவக்குது?"

மருமகன் போட்ட சத்தத்தில் சர்வீஸ்காரர் கையிலிருந்த திருப்புளி நழுவி விழுந்தது.

அச்சகத்தின் டிசைன் வேலை மொத்தமும் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான். பகலெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஃபேன்கள் நீல வெளிச்சத்தில் சமர்த்தாகச் சுற்றும். ஐந்தடித்தால் மூன்றும் மிளகாய்ச் சிவப்பு.

முதலாளியான மாமனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். எட்டு மணிக்கு முன்னால் கடையை விட்டுக் கிளம்புகிறவன் உருப்பட மாட்டான் என்பது அவர் கட்சி.

"சிவப்புன்னா சூடுதானேப்பா? அதான் ஒரு மாசமா அஞ்சு மணிக்கே மெஷினை நிறுத்தச் சொல்றேன். மாப்பிள்ளை அஞ்சரைக்கெல்லாம் வீட்டுக்குப் போய் என் பேத்திக்கு யானையா நாலு கால்ல நிக்கிறார்."

"எனக்கென்ன ஆசையா மாமா? முதுகுல அவ உட்கார்ந்திருக்கா, மனசு பூரா இங்கதான் இருக்கு." மருமகன் குரல் தழுதழுத்தது.

ஈவு இரக்கமில்லாத மனுஷன் என்று ஊரில் பெயரெடுத்த மாமனாருக்கே பாவமாகிவிட்டது. இப்படியொரு மருமகன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னைக்குச் சரியாகலைன்னா இதைத் தூக்கிப் போட்டுட்டு, இந்த மினுக்கல் எதுவும் இல்லாத மெஷினா வாங்கிடறேன். மாப்பிள்ளை நிம்மதியா எட்டு வரைக்கும் வேலை பார்க்கட்டும்."

சர்வீஸ்காரர் அவசரமாகப் பக்கக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒவ்வொரு ஃபேனுக்கும் ரெண்டு வயர் சார். ஒண்ணு சுத்தறதுக்கு, இன்னொண்ணு லைட்டுக்கு. லைட் வயர் எல்லாம் இந்தச் சின்னப் பெட்டியில வந்து சேருது. நிறத்தைக் கம்ப்யூட்டர்லேர்ந்தே மாத்தலாம்."

எல்லா வயரையும் பிடுங்கிச் செருகினார். அப்புறம் கீபோர்டில் உட்கார்ந்து, லைட்டைக் கட்டுப்படுத்தும் புரோகிராமைத் திறந்து எதையோ தட்டினார். மணி ஐந்தானது. மூன்றும் சிவந்தன.

மாமனார் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "சில்லுனு இருக்கே?"

"உள்சூடு சார், கைக்குத் தெரியாது. லைட் இல்லாத மெஷின்னா சூடானதே தெரியாம வெந்துடும். இது நல்ல மெஷின், சொல்லிட்டுச் சாகுது. சிவந்ததும் ஓய்வு கொடுத்தீங்கன்னா பத்து வருஷம் உழைக்கும்."

"வெந்தா வேகட்டும். நான் எட்டு வரைக்கும் ஓட்டத்தான் போறேன்." மருமகன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"முதல்ல எந்திரிங்க மாப்பிள்ளை. மெஷின் இருந்தாத்தானே நாளைக்கு வேலை?" மாமனார் தன் கையாலேயே சுவிட்சை அணைத்தார்.

மருமகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சர்வீஸ்காரரை வழியனுப்ப வாசல் வரை வந்தான். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"திங்கக்கிழமையிலேர்ந்து பாப்பாவுக்கு நீச்சல் கிளாஸ். நான் போன்ல சொன்னபடி அன்னையிலேர்ந்து நாலரைக்கே சிவக்கிற மாதிரி மாத்தி வச்சுட்டீங்கல்ல?"