டிரைவர்கள் மட்டும் வரவில்லை

“தூங்கற நேரத்துல தூங்காம அந்தப் பொட்டியில என்னத்தைத்தான் உருட்டறீங்க?”

தனப்பிரியா கேட்டது நியாயம்தான். இரவெல்லாம் எடைமேடையில் உட்கார்ந்து ஊரார் லாரிகளுக்கு எடை போட்டுவிட்டு வந்த குணசீலன், இட்லி ஆறுவதுகூடத் தெரியாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். வயது நாற்பத்தேழு. முகத்தில் பரீட்சை எழுதுகிற பையனின் களை.

“கடை மாத்தறேன் புள்ள.”

“நமக்கு ஏதுங்க கடை?”

“இன்டர்நெட்டுல கேம் விக்கிற கடை. இத்தனை நாளா உன்ற தம்பி கணக்குல அந்த லாரி ஓட்டற கேமை ஆடிக்கிட்டிருந்தேன். இப்ப வேற கடையில தள்ளுபடி போட்டான். சொந்தமாவே வாங்கிட்டேன்.”

“அதான் அந்த ஆட்டம் ஏற்கெனவே இதுக்குள்ள இருக்குதில்லீங்க?”

“இருக்குது. புதுக் கடைக்காரன் மறுபடியும் மொதல்ல இருந்து எறக்குங்கறான். நாப்பது ஜி.பி. என்ற போன் நெட்டுல எறக்கினா தீவாளியே வந்துரும்.”

அதற்கொரு வழி இருந்தது. லாரி வராத நேரத்தில் வீடியோ பார்த்து அவனே கற்றுக்கொண்டது. புதுக் கடையில் இறக்கத் தொடங்கி, கொஞ்சம் இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். பழைய கடையின் கோப்புகளை அள்ளிக் கொண்டுபோய்ப் புது ஃபோல்டரில் கொட்டிவிட்டு, மறுபடி தொடங்க வேண்டும். புதுக் கடை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, இல்லாததை மட்டும் இறக்கிக்கொள்ளும்.

இறக்கிக்கொண்டது. ஆட்டத்தைத் திறந்தான். லாரிகள் இருந்தன. ஷெட் இருந்தது. அவன் வளர்த்த ‘குணசீலன் டிரான்ஸ்போர்ட்’ கீறல் விழாமல் புதுக் கடைக்குக் குடிவந்திருந்தது.

பழையதை அழித்தான். புதியதைத் திறக்கும்போதெல்லாம் கேட்கிற மாதிரி ஒரு பாஸ்வேர்டு போட்டான்.

“பூட்டெல்லாம் எதுக்குங்க?”

“சொந்தக் கம்பெனின்னா அப்பிடித்தான்.”

தனப்பிரியா பாஸ்வேர்டு கேட்கிற கட்டத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அவளுக்கு என்ன புரியும், டி.வி. ரிமோட்டுக்குப் பேட்டரி மாற்றவே தம்பியைக் கூப்பிடுகிறவள், என்று குணசீலன் நினைத்துக்கொண்டான்.

நிஜத்தில் அவனுக்கு லாரி ஓட்டத் தெரியாது. இரவெல்லாம் லாரி முகத்தில்தான் விழிப்பு. ஒன்றின் ஸ்டியரிங்கைக்கூடத் தொட்டதில்லை. வாழ்க்கையில் அவன் பேர் சொல்லி உருப்படியாக நடந்தது அந்த ஆட்டத்துக் கம்பெனி ஒன்றுதான். அதிலும் ஒரு சின்னக் குறை. ரிவர்ஸ் வராது; டிரெய்லரைப் பின்னால் எடுத்துச் சரியாக நிறுத்தினால்தான் ஆட்டத்தில் சரக்கு இறங்கும்.

சாயங்காலம் எழுந்ததும் ஓட்டுவான். சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். குடோன் வாசலில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் சுவரில் இடித்துவிட்டு, அப்படியே போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவான். மறுநாள் பார்த்தால் சரக்கு இறங்கியிருக்கும். ஆட்டத்துக்குள் சம்பளத்துக்கு வைத்த டிரைவர்கள் இருக்கிறார்களே, முதலாளி இல்லாத நேரத்தில் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவனாகவே முடிவு கட்டியிருந்தான்.

எடைமேடைக்கு வரும் நிஜ டிரைவர் மணியன்கூடக் கேட்டான்.

“ஏனுங்ண்ணா, ஊட்டுக்குள்ளயே லாரி ஓட்டறீங்களாமா? டயர் தேயாதுங்களே!”

“ஓட்டறதுல என்னப்பா இருக்குது? ஆளைப் புடிச்சு வைக்கறதுல இருக்குது சூட்சுமம். நானில்லாட்டியும் என்ற கம்பெனி ஓடும்.”

கடை மாற்றிய மறுநாள் சாயங்காலம், லாரி குடோன் சுவரை முட்டிக்கொண்டு விட்ட இடத்திலேயே நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. சரக்கு தாமதம் என்று அபராதம் விழுந்தது. கம்பெனியின் பேர் சரிந்தது. கோபத்தில் டிரைவர்கள் எல்லாரையும் வேலையை விட்டுத் தூக்கினான். புது ஆட்கள் வந்தார்கள். அவர்களும் அசையவில்லை.

மச்சினன் பூபதிக்குப் போன் போட்டான்.

“மாப்ள, காப்பி பண்ணுனதுல ஏதோ விட்டுப்போச்சு. லாரியெல்லாம் வந்துருச்சு. டிரைவருங்கதான் வரல.”

“ஃபைலையெல்லாம் சரிபார்த்தீங்களா மாமா?”

“மூணு வாட்டி பார்த்துட்டேன். ஒண்ணும் கொறையலைங்குது.”

“அப்பறம் என்னங் மாமா? நாம ஏத்துன லோடை நாமதான் எறக்கோணும். கம்ப்யூட்டரை அமத்திட்டா உள்ள ஒருத்தனும் அசைய மாட்டானுங்க.”

“அப்ப இத்தனை நாளா எறக்குனது யாரு? பேயா?”

பூபதி சிரிக்கிற சத்தம் கேட்டது. குணசீலன் போனை வைத்தான். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ஒன்றுதான் மிஞ்சியது: இத்தனை நாளும் சரக்கு இறங்கியது மெஷின் கோளாறு, அதை நம் திறமை என்று நினைத்து மணியனிடம் மார்தட்டியிருக்கிறோம்.

“எனக்கு எதுதான் ஒட்டிச்சு, இது ஒட்டறதுக்கு? இந்தக் கருமத்தை இன்னையோட அழிச்சுத் தொலைக்கறேன்.”

‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. மௌஸில் விரலை வைத்தான்.

“இருங்க, இருங்க!”

சமையல்கட்டிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்த தனப்பிரியா, அவன் கையை மௌஸிலிருந்து தட்டிவிட்டாள்.

“அழிச்சுப்போட்டு அப்பறம் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டே வேலைக்குப் போறதுக்கா? நாலு நாளா அதைப் பார்த்தது போதுங்க. என்ற தம்பி கணக்குன்னா பூட்டில்லாமக் கெடந்துது…”

நிறுத்தி, கையிலிருந்த மாவை முந்தானையில் துடைத்தாள்.

“அந்தப் பாஸ்வேர்டை மட்டும் சொல்லிட்டுக் கெளம்புங்க. வண்டிய நான் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தி வெக்கறேன், எப்பவும் போல.”