முகாமிலிருந்து தப்பியவர்

"திரும்பிப் பாக்காதையும் தம்பி. அவ எங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறா," என்று உதடு அசையாமல் சொன்னார் தவராசா. "இண்டைக்குத் தப்பினால் உண்டு. இல்லாட்டில் இந்தப் பிறப்பில இல்லை."

பக்கத்தில் நின்ற பீட்டருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. முதல் உலகப் போரின்போது ஜெர்மன்காரர்களை அடைத்து வைத்திருந்த தீவு அது. அந்தப் பழைய முகாமைப் பார்க்க ஆக்லாந்துத் தமிழர்களைப் படகில் ஏற்றி அழைத்து வந்திருந்தார் பீட்டர். மலேசியாவிலிருந்து வந்து குடியேறியவர்; சரித்திரம் என்றால் அவருக்கு உயிர்.

ஆக்லாந்தின் பாபகூராப் பகுதியிலிருந்து வந்த தவராசாவுக்குச் சரித்திரமாவது ஒன்றாவது! அவருடைய கண்ணெல்லாம் பீட்டரின் மனைவி அன்னம்மா கொண்டுவந்த டப்பாவின் மேல். அதற்குள் ஆட்டிறைச்சி வைத்துப் பொரித்த கறிபாப் இருந்தது.

'அவ' என்றது அவருடைய மனைவி செல்வநாயகியை. தவராசாவுக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் பொரித்தது இல்லை, இனிப்பு இல்லை, இறைச்சி வாசம்கூட இல்லை. தெருமுனை டெயரிக் கடைக்கு ஒளித்துப் போய் இறைச்சி அடைத்த ஒரு ‘மீட் பை’ கேட்டால், "அங்கிள், ஆன்ட்டி கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று கையை விரிக்கிறாள் கடைக்காரி. மனுசன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"இங்கதான் வேலி இருந்துச்சு," என்று பீட்டர் கூட்டத்துக்கு விளக்கத் தொடங்கினார். "உள்ள இருந்தவங்க கிறிஸ்துமஸ் நாடகம் போடுறோம்னு ஒத்திகை பார்த்தாங்க. அந்தச் சாக்குல சாமான் சேர்த்து, அதிகாரியோட படகையே எடுத்துக்கிட்டு ஓடிட்டாங்க லா!"

தவராசாவின் முகம் மலர்ந்தது. "கெட்டிக்காரங்கள்!"

"அப்புறம் பிடிச்சுட்டாங்கண்ணே."

"பிடிச்சால் பிடிக்கட்டும். கொஞ்சத் தூரமெண்டாலும் போனவங்கள்தானே?"

செல்வநாயகி வேலி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப தம்பி, காவலுக்கு நிண்டவை? அவையும் இந்தத் தீவிலதானே கிடந்திருப்பினம்?"

"ஆமாக்கா. அவங்க எங்க போவாங்க பாவம்."

"பாரும், அவவின்ரை கவலையெல்லாம் காவல்காரரைப் பற்றித்தான்," என்று தவராசா பீட்டரின் காதைக் கடித்தார்.

மதியம் புல்தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். செல்வநாயகி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். கேழ்வரகில் அவித்த குரக்கன் பிட்டு, பாவற்காய்க் கறி. கணவனுக்குப் போட்டதையே தன் தட்டிலும் போட்டுக்கொண்டார்.

அன்னம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, சுகர் அவருக்குத்தானே? நீங்க ஒரு கறிபாப் எடுங்க லா."

"வேண்டாம் பிள்ளை. அவருக்கு முன்னால நான் திண்டால் அவர் ஏங்கிப் போவார்."

தவராசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் ஒன்றாவது தின்று தொலைத்தால் அதைச் சொல்லியாவது ஒரு சண்டை பிடிக்கலாம். அதற்கும் வழியில்லாமல் நல்லவளாக இருக்கிறாளே! பாவற்காயை மென்று விழுங்கிவிட்டுப் பீட்டரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

பீட்டர் எழுந்தார். அன்னம்மாவிடம் போய் மெதுவாக ஏதோ கேட்டார். அவள் ஏனோ சிரித்துக்கொண்டே டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். டிஷ்யூவில் சுற்றிய அந்தப் புதையல், கை குலுக்கும் சாக்கில் தவராசாவின் கோட்டுப் பைக்குப் போய்ச் சேர்ந்தது.

"லேடீஸ் எல்லாரும் நினைவுக்கல்லுப் பக்கம் வாங்க! குரூப் போட்டோ!" என்று பீட்டர் கத்தினார். அதுதான் அவர்களுடைய கிறிஸ்துமஸ் நாடகம்.

சேலைகளை நீவிக்கொண்டு பெண்கள் எழுந்தார்கள். செல்வநாயகியும் அவர்களோடு போவதைப் பார்த்த பிறகே தவராசா நகர்ந்தார். நேரே போனால் சந்தேகம் வரும் என்று முதலில் கழிவறைப் பக்கம் போனார். அங்கே சும்மா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மரங்களுக்குப் பின்னால் சுற்றி வளைத்து, முகாம் காலத்துப் பழைய தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்தார். கோட்டுப் பையிலிருந்து வந்த வாசம் நடையை விரைவாக்கியது.

தொட்டிக்குப் பின்னால் திரும்பியவர் அப்படியே விறைத்துப் போனார்.

சீமெந்துக் கட்டின் மேல் செல்வநாயகி உட்கார்ந்திருந்தார்.

பிடிபட்டாயிற்று! தவராசா பையில் விட்ட கையை வெளியே எடுக்கவும் முடியாமல், உள்ளே வைத்திருக்கவும் முடியாமல் தவித்தார். "நான்... சும்மா... காத்து வாங்குவம் எண்டு... நீர் படம் எடுக்கப் போகேல்லையோ?"

பதில் இல்லை. ஏன் இல்லை என்று அப்போதுதான் உற்றுப் பார்த்தார். செல்வநாயகியின் இரண்டு கன்னங்களும் புடைத்திருந்தன. உதட்டோரத்தில் மாவுத் துகள். மடியில் விரித்திருந்த கைக்குட்டையில் பாதி கடித்த கறிபாப்.

செல்வநாயகி நிதானமாக மென்று விழுங்கினார். எட்டி, கணவனின் கோட்டுப் பையிலிருந்த பொட்டலத்தை உருவினார். பிரித்து, இரண்டாகப் பிட்டு, சின்னப் பாதியை அவரிடம் நீட்டினார்.

"ஏனப்பா முழுசுறியள்? நான் மட்டும் என்ன, வேலிக்கு வெளியிலையே இருந்தனான்?"