சாயங்காலம் நிற்கிற லேப்டாப்

“இதுவும் நின்னு போச்சு சார்” என்று பில்லிங் அக்கா சொன்னபோது முதலாளிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இது மூன்றாவது லேப்டாப்.

தண்ணீர் மோட்டார் உதிரிபாகங்களை மொத்தமாக விற்கிற சின்னக் கம்பெனி அது. பில் போடுகிற புரோகிராம் அக்காவின் லேப்டாப்பில்தான் இருக்கிறது. மற்ற பெண்களுடையது எல்லாம் அதோடு இணைத்தவை. அது நின்றால் ஆபீசே நின்றுவிடும். உடனே எல்லோரும் கும்பலாகக் கீழே இறங்கிப் போவார்கள். திரும்பி வந்து அக்கா ஒரு தட்டு தட்டினால் சமர்த்தாக ஓடும்.

காலையில் நிற்காது, மதியம் நிற்காது. சாயங்காலம் லாரிக்காரர் பில்லுக்காக ஹாரன் அடிக்கிற நேரம் பார்த்து நிற்கும்.

எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார் முதலாளி. ஆளாளுக்கு ஒரு யோசனை. கனமானதுதான் உழைக்கும் என்றார் மச்சான், ஏதோ கிரைண்டர் வாங்குகிற மாதிரி. மாப்பிள்ளை வாரண்டியைப் பார்க்கச் சொன்னார். கடைசியில், ஒவ்வொன்றாக அக்காவிடம் கொடுத்து ஓட்டிப் பார்த்து, நிற்காததை மொத்தமாக வாங்குவது என்று கடைக்காரரிடம் பேசி வைத்தார்.

இரண்டை முகம் சுளித்துக்கொண்டே திருப்பி எடுத்துக்கொண்ட கடைக்காரர், மூன்றாவதைத் தரும்போது, “சார், இதுவும் நின்னா நான் கடையை இழுத்து மூடிட்டுப் போயிடறேன்” என்றார்.

அதுவும் நின்றுவிட்டது.

மறுநாள் சாயங்காலம் முதலாளி பொறுமை இழந்து, அக்காவை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். எப்படி நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பில் போட்டார். ஓடியது. இன்னொன்று போட்டார். வெண்ணெய் மாதிரி ஓடியது. லாரி கூட நேரத்துக்குக் கிளம்பிப் போனது.

“என்னம்மா, நான் உட்கார்ந்தா மட்டும் நல்லா ஓடுது?”

அக்கா வாசலையே பார்த்தாள்.

கீழே படிக்கட்டில் ஒரு குழந்தை அழுதது. கொஞ்ச நேரத்தில் வீறிட்டது.

“யார் வீட்டுக் குழந்தை அது?”

எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். மூலையில் இருந்த பெண் மட்டும் துப்பட்டாவை இழுத்து மார்பை மூடிக்கொண்டு, குனிந்து டைப் அடித்துக்கொண்டே இருந்தாள்.

“அவளோடதுதான் சார்” என்றாள் அக்கா மெல்ல. “பாட்டில் பால் குடிக்க மாட்டேங்குது. அவ அம்மா தினம் இந்த நேரத்துக்குத் தூக்கிட்டு வருவாங்க.”

பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே அந்தப் பெண் வந்து கேட்டது முதலாளிக்கு நினைவு வந்தது. சாயங்காலம் கொஞ்ச நேரம் வேண்டும் என்றாள். லேப்டாப் ஓடும்போது ஆள் எழுந்திருக்கக் கூடாது, ரூல் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அனுப்பி வைத்தவர் அவர்தான்.

யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தப்பு என்னுடையது என்று சொல்லிவிடலாம். ஆனால் இத்தனை பேர் முன்னால் அவருக்கு வாய் வரவில்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைப் படக்கென்று மூடினார்.

“சனியன், நின்னு தொலைச்சுது. எல்லாரும் கீழ போயிட்டு வாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல.”

மூலைப் பெண்தான் முதலில் ஓடினாள்.

சற்று நேரத்தில் அழுகை ஓய்ந்தது. அதே சமயம் கடைக்காரர் போனில் வந்தார். “இதாவது நல்லா ஓடுதா சார்? அனுப்பலாமா, வேற மாடல் பார்க்கலாமா?”

“இதையே எல்லாருக்கும் அனுப்புங்க” என்றார் முதலாளி. “சாயங்காலம் மட்டும் கொஞ்ச நேரம் நிக்கும். ஆனா அதைச் சரிபண்றேன்னு யாரையும் அனுப்பிடாதீங்க.”