சுயநினைவு இல்லாதவர்

"மேடம், என் சம்சாரத்தைக் கொஞ்சம் எழுப்பி விடுங்க."

"முடியாது சார். அவங்க சுயநினைவு இல்லாம இருக்காங்க."

சுயநினைவு இல்லாத சம்சாரம் ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்தபடி மூக்கைச் சொறிந்துகொண்டாள். கழுத்தில் ஒரு சிவப்பு அட்டை. 'மிக ஆபத்தான நிலை' என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

கடற்கரையை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் அன்றைக்குப் புயல் ஒத்திகை. சைரன் ஊதியதும் வீட்டுக்கு ஒருவராவது வந்து சேர வேண்டும் என்று முந்தின நாளே தெருத்தெருவாக வண்டியில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். "நீயே போயிட்டு வந்துடு, எனக்கு வேலை இருக்கு" என்று வீட்டுக்காரர் மனைவியை அனுப்பிவைத்தார். அவருடைய வேலை, பேப்பரை முகத்தின் மேல் விரித்துப் போட்டுக்கொண்டு தூங்குவது.

அதைக் கெடுத்தது அக்காவின் போன்.

"தம்பி, நாங்க கிளம்பிட்டோம்டா. மாமாவும் வர்றார். மத்தியானச் சாப்பாடு உங்க வீட்லதான்."

அக்கா வரும்போது அடுப்பில் ஒன்றும் இல்லையென்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இன்னும் பத்து வருஷத்துக்குச் சொந்தக்காரர்கள் எங்கே கூடினாலும் அதே கதைதான் ஓடும். வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"விருந்தாளி வர்றாங்க மேடம். இவ வந்து சமைக்கணும்."

"ஆம்புலன்ஸ் வந்து ஏத்தினாதான் சார் ஒத்திகை முடியும். அதுவரைக்கும் இவங்க அசையக் கூடாது. ரூல்ஸ்."

ஒத்திகை அதிகாரி, கழுத்தில் விசிலும் முகத்தில் கறாருமாக நின்றார். அந்தம்மாவிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று வீட்டுக்காரர் திரும்பிப் போனார்.

போன வேகத்தில் வந்தார். நேராக ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, உப்பு எங்க வெச்சிருக்க?"

மூடிய கண்ணைத் திறக்காமல் அவள் இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டாவது தட்டு.

"மயக்கத்துல இருக்கிறவங்க விரல் காட்டக் கூடாதும்மா" என்று அதிகாரி அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தார்.

சுற்றிலும் கையிலும் தலையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தெருப் பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள்.

"எலும்பு முறிஞ்சவங்க யாரும் சிரிக்கக் கூடாது!" என்று அங்கேயும் ஓர் அதட்டல்.

அடுத்த முறை வந்தபோது அவர் சட்டை முழுக்க மாவு. வலது கைவிரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே வந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"சட்டி சுட்டுடுச்சு."

"காட்டுங்க. காலையிலேர்ந்து வந்ததுல நிஜக் காயம் உங்களுதுதான்" என்று அதிகாரி மருந்து தடவிக் கட்டுப் போட்டார். கையோடு ஒரு பச்சை அட்டையை எடுத்து அவர் கழுத்திலும் மாட்டிவிட்டார். 'சிறு காயம். காத்திருக்கலாம்.'

காத்திருந்தார். வேறு என்ன செய்வது? தன் தலையெழுத்தை நொந்துகொண்டு பின்பக்க ஜன்னலோரம் போய் நின்றவருக்குப் பகீரென்றது. மரத்தடியில் ஆம்புலன்ஸ் நிற்கிறது! டிரைவர் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்பங்க வந்துச்சு?"

"அது ஆச்சு சார், ஒரு மணி நேரத்துக்கு மேல. மேடம்தான் சைரன் போடாத, இஞ்சினை நிறுத்து, நான் கூப்பிடற வரைக்கும் உள்ள தலைகாட்டாதன்னு சொல்லிட்டாங்க."

வீட்டுக்காரருக்கு உச்சந்தலை வரை சூடேறியது. பச்சை அட்டை பறக்க உள்ளே பாய்ந்தார்.

"ஏன் மேடம், இது உங்களுக்கே நல்லா இருக்கா? வண்டியப் பின்னாடி நிறுத்தி வெச்சுக்கிட்டு வரலைன்னு சொல்றீங்க! ஊருக்கெல்லாம் ரூல்ஸ் பேசறீங்க! மேலிடத்துக்கு எழுதிப் போடறேன் பாருங்க!"

"மெதுவா பேசுங்க சார்."

"ஏன் மெதுவா பேசணும்? அப்படி என்ன விரோதம் உங்களுக்கு எங்க வீட்டு மேல?"

அவர் பையில் போன் அலறியது. அக்கா.

"ஷ்ஷ்ஷ்!" கட்டுப் போட்ட அத்தனை பெண்களும் ஒரே குரலில் சீறினார்கள். அந்தச் சீறலில் அக்காவைவிட இவர்களே பயங்கரமாகத் தெரிய, அவர் போனை அணைத்துவிட்டார்.

அப்போதுதான் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். மனைவி வாயை லேசாகத் திறந்து, சன்னமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். நிஜத் தூக்கம். கை முறிந்த பக்கத்து வீட்டம்மா, முறிந்த அந்தக் கையாலேயே ஓர் அட்டையை வைத்து அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

பகல் வேளையில் அவள் தூங்கி எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க ஒன்றும் அகப்படவில்லை. அதில் அவருக்கு மனசு என்னவோ செய்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா?

"இத்தனை பேர் இருக்கும்போது என் சம்சாரம்தான் உங்களுக்குக் கிடைச்சாளா?" என்றார், இந்த முறை கிசுகிசுப்பாக.

"நான் யாரையும் பிடிக்கல சார். ஒருத்தர் மயங்கிக் கிடக்கணும், ஒரு வேலையும் செய்யாம சும்மா படுத்திருந்தாப் போதும், யார் வர்றீங்கன்னு காலையில கேட்டேன். இங்க இருக்கிற எல்லாப் பொம்பளைங்களும் கை தூக்கினாங்க."

"அப்புறம்?"

"கடைசியா உங்க வீட்டம்மா தூக்கினாங்க. அதைப் பார்த்ததும் மத்தவங்க எல்லாரும் கையைக் கீழ போட்டுட்டாங்க சார்."